தேவாலயத்தில் இராணுவப் பேண்டு: பினாங்கு சொல்லும் மதராஸ் கதை

தேவாலயத்துக்குள் இராணுவப் பேண்டு வாசிக்குமா? வகுப்பில் இப்படிக் கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். பீரங்கிக்கும் பிரார்த்தனைக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். இன்றைக்கு அப்படி ஒரு கச்சேரி நடந்தால் நாமும் போய் உட்கார்ந்து, கைதட்டிவிட்டு வந்துவிடுவோம். ஆனால் 200 வருடத்துக்கு முன்பு அந்த இரண்டும் ஒன்றாகத்தான் கப்பல் ஏறி வந்தன. அவை வந்த வழியில் நம் ஆட்களின் கதையும் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம்

ஜார்ஜ்டவுன், பார்க்குவார் சாலையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் அதுதான். 1818-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1819 மே 11 அன்று கல்கத்தா பிஷப் மிடில்டன் அதை அர்ப்பணம் செய்தார். கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து பத்து நிமிட நடைதான். பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கில் இறங்கிக் கோட்டை அமைத்தபின், தேவாலயம் வருவதற்கு முன்பு, கோட்டைக்குள் இருந்த சிறு ஜெபக்கூடத்தில் வழிபாடு நடந்தது.

கட்டடத்தின் முகப்பைக் கவனியுங்கள். கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள், மேலே கூர்கோபுரம். இதே சாயலில், இதே பெயரில், சென்னை கதீட்ரல் சாலையில் ஒரு பேராலயம் இருக்கிறது. அது 1816-ல் அர்ப்பணிக்கப்பட்டது. அதை அர்ப்பணித்தவரும் இதே மிடில்டன்தான். பினாங்குக் கட்டடத்துக்கு மதராஸ் கட்டடமே முன்மாதிரி.

இதற்குக் கூரையே சாட்சி. முதலில் போட்டது மதராஸ் பாணியிலான தட்டைக் கூரை. பினாங்கு மழைக்கு அது சரிப்பட்டு வரவில்லை. 1864-ல் சாய்வுக் கூரையாக மாற்றினார்கள். மதராஸில் சரியாக இருந்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கூரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பேண்டு ஏன் தேவாலயத்துக்குப் போனது?

இராணுவத்தில் இசை முதலில் பொழுதுபோக்கு அல்ல. முரசும் சிறு குழலும் எக்காளமும்தான் அன்றைய தகவல் தொடர்பு. எழுந்திரு, கூடு, முன்னேறு, பின்வாங்கு, விளக்கை அணை என எல்லாவற்றுக்கும் ஒரு தாளம் இருந்தது. புகையும் சத்தமும் நிறைந்த போர்க்களத்தில் அதிகாரியின் குரல் கேட்காது, முரசு கேட்கும்.

பேண்டு இதிலிருந்து கொஞ்சம் வேறு. கிளாரினெட், ஹார்ன், பசூன் போன்ற கருவிகளோடு, துருக்கியின் ஜானிசரிப் படையிடமிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்ட பெரிய முரசும் ஜால்ராவும் சேர்ந்த குழு அது. பெரும்பாலும் அதிகாரிகளே சந்தா போட்டு நடத்தினார்கள். ஆங்கிலேயப் படைமுகாம் இருந்த ஊர்களில், ஞாயிற்றுக்கிழமை சிப்பாய்களை அணிவகுத்து ஆராதனைக்கு அழைத்துப் போவது வழக்கம். முன்னால் பேண்டு போகும். ஆர்கன் இல்லாத தேவாலயங்களில் பாட்டுக்குப் பேண்டே துணை நிற்கும்.

இன்னொரு சுவையான பொருத்தம். எக்காளம், ஹார்ன் போன்ற கருவிகளில் எல்லாச் சுரங்களையும் வாசிக்க உதவும் வால்வு அமைப்புக்கு ஜெர்மனியின் பிரஷ்யாவில் காப்புரிமை கிடைத்ததும் 1818-ல்தான். அதற்கு முன் எக்காளத்தில் சில சுரங்கள் மட்டுமே சுலபமாக வரும். நாம் இன்று கேட்கிற பித்தளை வாத்தியக் கச்சேரிக்கு அந்தச் சின்ன வால்வுதான் கதவு திறந்துவிட்டது.

இந்த இசை தமிழருக்குப் புதுசா?

இல்லவே இல்லை. மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பேண்டின் மெட்டுகளைக் கேட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? முத்துசுவாமி தீட்சிதர். அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ‘நோட்டு சுரம்’ என்று அவற்றைச் சொல்கிறோம். ஆங்கிலேய அரச கீதத்தின் மெட்டும் அதில் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். கல்யாண ஊர்வலத்தில் ‘பேண்டு செட்டு’ வந்த கதைக்கு வேர் இங்கேதான்.

கம்பெனியின் சிப்பாய்ப் படைகளில் முரசடிப்பவர்களாகவும் குழல் ஊதுபவர்களாகவும் இந்தியக் கிறிஸ்தவர்களும் கலப்பினத்தவரும் நிறையப் பேர் இருந்தார்கள். மதராஸ் சிப்பாய்ப் படைப்பிரிவுகள் இந்த வட்டாரத்துக்கும் வந்தன. பாடத்தில் படிக்கிறோமே நானிங் போர் (1831–1832), அதில் டோல் சயிட்டுக்கு எதிராக அனுப்பப்பட்டதும் மதராஸ் காலாட்படைதான். ஜார்ஜ்டவுனில் இன்றும் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்று ஒரு சாலை இருக்கிறது. ஏன், பேண்டுக்கு மலாய்மொழியில் என்ன சொல்? ‘பஞ்சராகம்’! பஞ்ச, ராகம் என்ற இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்கள்தானே?

கட்டியவர்கள் யார்?

தேவாலயத்தை வடிவமைத்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்று புத்தகங்களில் இருக்கும். கம்பெனியின் பாதிரியார் ஹட்சிங்ஸ் பெயரும் வரும். 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை நிறுவியவர் அவர். ஆனால் சுண்ணாம்பு குழைத்து, செங்கல் சுமந்தவர்கள்? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ‘நம்ம தமிழர்கள் கட்டியது’ என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசையாக இருக்கும். அது முழு உண்மை ஆகாது. வங்காளம், மதராஸ், பம்பாய் என்று பல பகுதிகளிலிருந்தும் கைதிகள் இங்கே அனுப்பப்பட்டார்கள். பெருமைக்காக அந்தப் பிற கைதிகளை அழித்துவிட்டால், காலனித்துவ எழுத்து நமக்குச் செய்ததையே நாம் அவர்களுக்குச் செய்கிறோம் என்றாகிவிடும்.

ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு பேர்

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் கனமான பகுதி.

1818 ஜூன் 30 அன்று, இந்தத் தேவாலயத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, பின்னாளில் ஆளுநரான பிலிப்ஸ். பெண், அப்போதைய பினாங்கு ஆளுநர் கர்னல் ஜான் அலெக்சாண்டர் பானர்மேனின் மகள். பானர்மேன்! பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அவரேதான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன். மதராஸ் படையிலிருந்து உயர்ந்து, 1817-ல் பினாங்கு ஆளுநராகி, 1819-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

அதே 1818-ல் பினாங்கில் இன்னொருவரும் இருந்தார். துரைசாமி, சிவகங்கை சின்ன மருதுவின் மகன். 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், 70-க்கும் மேற்பட்டவர்களோடு 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றி இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அப்போது அவர் சிறுவன். மதராஸ் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1818-ல் பினாங்கு வந்தபோது அவரைச் சந்தித்திருக்கிறார். நடு வயதைக்கூட எட்டாத அந்த மனிதர், தளர்ந்துபோன கிழவர் மாதிரி வந்து நின்றாராம். 1830-ல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்த வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் யார்? துரைசாமியின் அப்பா சின்ன மருது.

துரைசாமி தேவாலயக் கட்டுமானத்தில் வேலை செய்தார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் மகளுக்குக் கல்யாணம் நடத்திய ஊரில், மருதுவின் பிள்ளை கைதியாக வாழ்ந்தார் என்பது உண்மை. இந்த உண்மையே போதும். மேலே கற்பனை தேவையில்லை.

இதில் நமக்கென்ன?

மலேசியத் தமிழர் வரலாறு என்றால் நம் பிள்ளைகள் உடனே சஞ்சிக்கூலி, ரப்பர்த் தோட்டம் என்றுதான் தொடங்குவார்கள். அது தவறில்லை. ஆனால் ரப்பர் வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே சிப்பாயாக, முரசடிப்பவராக, வணிகராக, கைதியாக, நாடுகடத்தப்பட்ட போராளியாக இங்கே இந்தியர்கள் இருந்தார்கள். பிட் ஸ்திரீட்டில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயிலும் அதற்குச் சாட்சி. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் படிக்கலாம்.

அடுத்த முறை தேவாலயத்தில் பேண்டு முழங்கக் கேட்டால் தாராளமாக ரசியுங்கள். அதோடு இதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த இசை யாரோடு வந்தது? இந்தச் சுவரை யார் எழுப்பினார்கள்?

மாணவர்களுக்கான பயிற்சி

1. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் மதராஸோடு கொண்டிருந்த தொடர்புக்கு மூன்று சான்றுகள் தருக. (குறிப்பு: முகப்பு, கூரை, அர்ப்பணித்தவர்.)

2. கட்டடம், சாலைப் பெயர், மொழியில் கலந்த சொல், அதிகாரியின் நினைவுக் குறிப்பு ஆகிய நான்கும் இக்கட்டுரையில் சான்றுகளாக வருகின்றன. ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கும்? எதை நிரூபிக்காது?

3. வெல்ஷ், துரைசாமியை நாடுகடத்திய படையின் அதிகாரி. அவருடைய எழுத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? உன் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

ஆசிரியர் கவனத்துக்கு: மூன்றாவது கேள்விக்கு ஒரே சரியான விடை கிடையாது. மாணவர் சொல்லும் காரணத்துக்குத்தான் மதிப்பெண்.