ஏறின கியரில் இறங்கு: ஒரு லாரியும் ஒரு மாரத்தானும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு மாரத்தானைவிடச் சற்றே நீளம். அதற்குள் நிலம் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. காரில் போகிறவருக்கு அது தெரிவதேயில்லை. லோடு ஏற்றிய லாரிக்குத் தெரியும். காலால் ஓடுபவருக்கும் தெரியும். 'வண்டி மூச்சு வாங்குது' என்பார் ஓட்டுநர். 'கியரைக் குறைச்சிட்டேன்' என்பார் ஓட்டக்காரர். ஒருவர் உடலிலிருந்தும் மற்றவர் இயந்திரத்திலிருந்தும் சொல்லைக் கடன் வாங்குகிறார்கள் என்றால், இருவரையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். டைட்டன் கைக்கடிகாரமும் அசோக் லேலண்ட் லாரியும் ஓசூரில் தயாராவதால், இதை உள்ளூர்ச் சலுகையாகவும் கொள்ளலாம்.

ஏற்றத்தில் இருவரும் முதலில் கைவிடவேண்டியது வேகக் கணக்கை. அனுபவமுள்ள ஓட்டுநர் அங்கே ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதில்லை. ஆர்பிஎம் முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா என்றே பார்க்கிறார். அனுபவமுள்ள ஓட்டக்காரரும் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்பதை மறந்துவிட்டு, மூச்சின் சீரைக் கவனிக்கிறார். டாப் கியரிலேயே ஏற்றிவிடத் துடிக்கும் வண்டி நடுவழியில் திணறும். சமதள வேகத்தை மேட்டிலும் பிடித்துவைக்கும் கால்களுக்கும் அதே கதிதான்.

இழந்த நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்பது இருவரும் போடும் அடுத்த தப்புக் கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, அதே தூரத்தை 60-இல் இறங்கினால் சராசரி 45 அல்ல, 40தான். லாரிக்குக் கணக்கு அதோடு முடிகிறது. உடலுக்கு இன்னும் கடுமை. மினெட்டி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 20 சதவீத ஏற்றத்தில் ஓட உடல் சமதளத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. அதே அளவு இறக்கத்தில் செலவு ஏறக்குறைய பாதியாகிறது. பாதி மிச்சம், ஒன்றரை மடங்கு கூடுதல்: எப்படிப் பார்த்தாலும் கடன்தான்.

ஆனால் இரண்டுக்குமான நெருங்கிய உறவு ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகள் சில, டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடப்படுகின்றன. மிச்சமாவதில்லை என்பதே வேடிக்கை. இன்றைய டீசல் எஞ்சின், கியரில் இருக்க ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். எஞ்சினின் பிடி போனபின் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கிறது. ஓடுபவரின் பிரேக் தொடையின் முன்தசை. இறங்கும்போது அது நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. ஒவ்வோர் அடியிலும் நுண்ணிய சேதம். மூச்சு வாங்காததால் அந்த வேகம் இலவசமாகவே தோன்றுகிறது.

பாஸ்டன் மாரத்தான் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி. அங்கே 33ஆவது கிலோமீட்டரை ஒட்டி வரும் 'இதயம் நொறுங்கும் குன்று' 27 மீட்டர்தான் உயர்கிறது. நம் ஊர்க்காரர் அதைக் குன்று என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். அங்கே நொறுங்குபவர்களில் பலர் உண்மையில் தொடக்கத்து இறக்கங்களிலேயே, உற்சாகத்தில், கால்களைச் செலவழித்துவிட்டு வந்தவர்கள். பழி மட்டும் குன்றின் மேல். தொப்பூரிலும் விபத்து கீழ்வளைவில் நடக்கிறது. பிரேக் சூடேறத் தொடங்கியதோ மேலே, சாலை நல்லபடியாக இருந்த இடத்தில். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்ற ஓட்டுநர்களின் விதியை மாரத்தான் பயிற்சியாளர் ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்.

பிரியும் இடமும் உண்டு. சூடான டிரம்மை ஓரங்கட்டி ஆறவிடலாம். தொடைக்கு அந்த வசதி இல்லை; ஓட்டம் முடிந்து இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்கு வரும், மாடிப்படியில் பின்னோக்கி இறங்கவைக்கும். லைனிங்கை மாற்றிவிடலாம், தசையை மாற்ற முடியாது. இவ்வளவு தூரம் தராசு லாரியின் பக்கமே சாய்கிறது. ஆனால் ஒருமுறை இறக்கத்தில் அடிபட்ட தசை, சில வாரம் கழித்து அதே இறக்கத்தைச் சந்திக்கையில் குறைவாகவே சேதமடைகிறது. வெந்த லைனிங் அப்படி எதையும் கற்பதில்லை. லாரியில் பாடம் ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது. மாரத்தானிலோ ஓட்டுநரும் வண்டியும் ஒருவரே.

இந்தப் பாடத்துக்கு நெடுஞ்சாலை வேண்டாம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைப்பாதை போதும். அதுபோன்ற மேடுகளில் பழகுபவர்களில் பலர் உச்சியைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். பேசிக்கொண்டே நடந்து இறங்குகிறார்கள்.