மழை பெய்யும் ஊரில் இருக்க மனம் வர என்ன வேண்டும்?

மழையைக் குறை சொல்லாத ஆள் நம்ம ஊரில் இல்லை. உடுப்பு காயாது, சுவரெல்லாம் பாசி, காலெல்லாம் அட்டை. ஆனாலும் வறண்ட பக்கம் போய் நாலு நாள் இருந்தால் மனம் ஊரைத்தான் தேடும். மழை ரஹ்மத் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

உண்மையில் நம்மில் பலரை இங்கே கொண்டுவந்ததும் இந்த மழைதான். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். 1876இல் பிரேசில் விதையில் முளைத்த றப்பர் கன்றுகள் ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்தன. மழையும் சூடும் சேர்ந்த மண் றப்பருக்குப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் றப்பர் பரவியது. வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கங்காணிமார் கூட்டி வந்தார்கள். அவர்களுடைய சம்பள நாளை நம்பி டவுனில் நம்ம பெரியவர்களின் கடைகளும் ஓடின.

ஆனால் அந்த மழை எல்லோருக்கும் ஒன்றாகப் பெய்யவில்லை. தேயிலைக்கு மழை கொழுந்து. றப்பர் வெட்டுகிறவருக்கோ விடியற்காலை மழை என்றால் அன்றைய பேர் இல்லை. பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குப் போகாது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். மே, ஜூனில் கடைக் கொப்பியில் கடன் ஏறுவது அதனால்தான்.

வீடும் அப்படித்தான். துரையின் பங்களா காற்று வரும் மேட்டில். லயத்தை எங்கே கட்டுவது என்று அதில் இருக்கப்போகிறவரிடம் யாரும் கேட்கவில்லை. கூரை ஒழுகினாலும், பின்னால் மண்திட்டு வெடித்தாலும் அந்த அறைதான்.

2003 மே 17இல் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியை உலுக்கின. சரியாக 13 வருடம் கழித்து, 2016 மே 17இல், அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து 16 பேர் போனார்கள். அடுத்த வருடம் மே கடைசியில் களுகங்கை மறுபடி ஊருக்குள் வந்தது. இப்போதும் மே மாதத்தில் கூரையில் மழைச் சத்தம் கூடினால், தோட்டத்துப் பிள்ளைகள் புத்தகத்தை விட்டு யன்னலைத்தான் பார்க்கிறார்கள். படிப்பிக்கிற நாம் அதைக் காண்கிறோம்.

"அவ்வளவு பயமென்றால் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். போக இடம் எங்கே? எச்சரிக்கை வந்தால் பாடசாலை மண்டபத்துக்கு வருவார்கள். மழை விட்டால் அதே லயத்துக்குத்தான் திரும்ப வேண்டும். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற கொள்கை 2015இல்தான் வந்தது. உறுதிப்பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் எத்தனையோ.

ஊர் பிடிப்பதற்கும் பிடிக்காமல் போவதற்கும் காலநிலை மட்டும் காரணமில்லை. சொந்தக் காணியும் நல்ல கூரையும் உள்ளவருக்கு மழை இதம். அது இல்லாதவருக்கு இரவு முழுக்கக் காவல்.

24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் தாண்டினால் அபாயச் சரிவுகளிலிருந்து வெளியேறச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்தச் செய்தி நம்ம கைக்கு வந்தால், ஃபோனில் பார்த்துவிட்டு இருந்துவிடாமல் மேலே லயத்துக்கும் சொல்லி அனுப்புவோம். நம்ம மண்டபங்களின் கதவையும் இரவிலேயே திறந்து வைப்போம். அவர்களின் காணிக்காகப் பேசும் கூட்டங்களில் நாமும் போய் உட்காருவோம். ஒரே மழையில்தானே நனைகிறோம்.