பெயரை மறைத்தவரும் சாதியை மறைத்தவரும்



போன மாதம் அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் ஒரு டீக்கடையில் சில மாணவத் தோழர்களைச் சந்தித்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி இளைஞர்களுக்காக ஒரு சிறுகதைப் போட்டி நடத்தப் போகிறார்கள். அறிவியல் புனைகதை, மாற்று வரலாறு, இன்னும் வராத காலத்தைப் பற்றிய கற்பனை என்று ஊகப் புனைவுக்கு மட்டுமேயான போட்டி. பரிசுத்தொகை, கடைசித் தேதி எல்லாம் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. கதைகளை நடுவர்களிடம் கொடுக்கும்போது எழுதியவர் பெயரை மறைப்பதா, வேண்டாமா?

"மறைத்தால்தான் நியாயம் கிடைக்கும்" என்றார் ஒரு தோழர். "நாம் மறைத்து வாழ்ந்தது போதாதா? பெயரோடுதான் வர வேண்டும்" என்றார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. முடிவெடுக்கும் முன் இந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அறிவியலை மராத்தி மொழியில் மக்களிடம் கொண்டுபோக 1966ல் தொடங்கப்பட்ட அமைப்பு மராத்தி விஞ்ஞான பரிஷத். 1974ல் அது நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் ஒரு கதை வந்தது. தலைப்பு 'கிருஷ்ண விவர்', அதாவது கருந்துளை. முதல் பரிசு அதற்குத்தான். ஆனால் அப்படி ஒரு ஆளே இல்லை. எழுதியவர் வானியற்பியலாளர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர். தன் பெயரின் முதலெழுத்துகளான ஜே.வி.என். என்பதைத் திருப்பிப் போட்டு, என்.வி.ஜே. என்று வரும்படி ஒரு பெயரை உண்டாக்கியிருந்தார். தன் கையெழுத்தை யாராவது அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று மனைவி மங்களாவைக் கொண்டு கதையைப் படியெடுத்து அனுப்பியிருந்தார்.

ஏன் இவ்வளவு பாடு? அவர் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயிலோடு ஆய்வு செய்தவர். 1965லேயே பத்மபூஷண் வாங்கியவர். தந்தை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், தாய் சமஸ்கிருதம் கற்றவர். பெயரைப் பார்த்தாலே நடுவர்கள் பரிசைக் கொடுத்துவிடுவார்கள் என்ற சங்கடம் அவருக்கு. அந்த நேர்மையை மதிக்க வேண்டும். அந்தக் கதையிலிருந்து அவருடைய எழுத்து வாழ்க்கை வளர்ந்தது. 2021ல் நாசிக்கில் நடந்த அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டுக்கு அவரே தலைவர். ஒரு சிறிய போட்டி எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இப்போது அதே மராத்தி மொழியில் இன்னொரு மறைப்பைப் பாருங்கள். 1963ல் பாபுராவ் பாகுலின் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் 'நான் என் சாதியை மறைத்தபோது' என்று சொல்லலாம். ரயில்வே வேலைக்காக வேற்றூர் போகும் தலித் இளைஞன் ஒருவன், சாதியைச் சொல்லாமல் ஒரு வீட்டில் தங்குகிறான். உண்மை தெரியவந்ததும் அடித்து நொறுக்கப்படுகிறான். தலைப்பில் பாகுல் போட்டிருக்கும் மராத்திச் சொல்லுக்கு 'மறைத்தேன்' என்பதோடு 'திருடினேன்' என்றும் பொருள் உண்டு. நம் ஆள் சாதியை மறைத்தால் அது இந்தச் சமூகத்தின் கண்ணில் திருட்டு.

நார்லிகர் பெயரை மறைத்தது, கேட்காமலே கிடைக்கும் சலுகையைத் தவிர்க்க. பாகுலின் நாயகன் சாதியை மறைத்தது, தலைக்கு மேல் ஒரு கூரைக்காக. முன்னவர் வேடத்தைக் கலைத்தபோது கைதட்டல் கிடைத்தது. பின்னவனுக்கு அடி விழுந்தது. ஆகவே, "பெயரோடுதான் வர வேண்டும்" என்று சொன்ன தோழரின் கோபம் எனக்குப் புரிகிறது.

பெயரை மறைத்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. சாமுவேல் டெலானி என்ற கருப்பின எழுத்தாளர் 1967ல் 'நோவா' என்ற நாவலைத் தொடராக வெளியிடக் கேட்டு 'அனலாக்' பத்திரிகைக்கு அனுப்பினார். அன்றைய அறிவியல் புனைவு உலகில் ஜான் கேம்பல் என்ற அதன் ஆசிரியர் வைத்ததுதான் சட்டம். கருப்பினக் கதாநாயகனோடு தன் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று காரணம் சொல்லி அவர் மறுத்துவிட்டார். டெலானியே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். அட்டையில் பெயரை மறைத்திருந்தாலும் கதாநாயகனின் நிறத்தை எங்கே மறைப்பது? வேற்றுக் கிரகவாசியோடு ஒன்ற முடிந்த மனம், பக்கத்துத் தெரு மனிதனோடு ஒன்ற மறுத்தது. அந்த ஆசிரியர் பெயரிலேயே புதிய எழுத்தாளர்களுக்கு ஒரு விருதும் இருந்தது. 2019ல் அதைப் பெற்ற ஜெனட் இங் மேடையிலேயே அவரைக் கடுமையாக விமர்சித்தார். அதே மாதத்தில் விருதின் பெயர் மாற்றப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அதனால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெயரின் வாலில் சாதி இல்லை. பதிலுக்கு நம்மிடம் கேட்பது வேறு கேள்வி: "எந்த ஊர்? ஊருக்குள்ளயா, காலனியா?" அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல் என்ன வேலை செய்து வந்தது என்று பாருங்கள். இங்கே முகவரிதான் சாதிப் பெயர்.

ஆகவே தோழர்களே, என் யோசனை இது. நடுவர்களுக்குப் போகும் கதையில் பெயர், முகவரி, கல்லூரி எதுவும் வேண்டாம், வெறும் எண் போதும். யாருடைய கதைக்கு எந்த எண் என்ற பட்டியல், நடுவராக இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் வேண்டவே வேண்டாம். கையால் எழுதி போனில் படம் எடுத்து அனுப்பினாலும் வாங்கிக்கொண்டு, நீங்களே உட்கார்ந்து டைப் செய்யுங்கள். நார்லிகருக்கு மங்களா செய்த வேலையை நீங்கள் எல்லோருக்கும் செய்ய வேண்டும். ஆனால் நம் மக்கள் பேசும் பேச்சை 'திருத்தி'விடாதீர்கள்.

இதைவிட முக்கியம் நடுவர் குழு. கதையில் சேரி வந்ததும் "இது யதார்த்தவாதக் கதை, ஊகப் புனைவு இல்லை" என்று ஒதுக்குகிறவர் கையில் எண் போட்ட தாள் போனாலும் கேம்பல் சொன்ன பதில்தான் வரும். குழுவில் தலித் எழுத்தாளர்கள் இருக்க வேண்டும், பெண்கள் இருக்க வேண்டும். ஒரு கதையை ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று ஒவ்வொரு நடுவரும் இரண்டு வரி எழுத வேண்டும். பரிசு கிடைக்காதவருக்கும் அந்த இரண்டு வரி போய்ச் சேர வேண்டும்.

முடிவு வந்த பிறகு பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சொந்தப் பெயரா, புனைபெயரா, ஊர்ப் பெயரோடா என்பதை எழுதியவரே தீர்மானிக்கட்டும். மறைப்பது தீர்ப்பு வரும்வரை மட்டும். நேரம் வந்ததும் வெளிப்படுத்தும் உரிமை நார்லிகருக்கு இருந்தது, பாகுலின் நாயகனுக்கு இல்லை. நம் போட்டியில் அந்த உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு விதை தருகிறேன். 1891ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை வந்தது. அன்று பூந்தமல்லிப் பகுதியும் செங்கல்பட்டு மாவட்டம்தான். அந்த நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அந்த நிலம் கைமாறாமலே இருந்திருந்தால் இன்றைய சென்னையின் மேற்குப் புறநகர் எப்படி இருக்கும்? தொழிற்பேட்டையில் யார் முதலாளி, யார் காண்ட்ராக்ட் தொழிலாளி? வீடு கேட்டு யார் யார் வாசலில் நிற்பார்கள்?

நடக்காமல் போன நியாயத்தை நடந்ததாக வைத்து எழுதிப் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல. எதை இழந்தோம் என்று அளந்து பார்க்கும் வேலை அது. அந்தக் கதை எண் போட்ட தாளாக வரட்டும். முதலில் படிக்கக் காத்திருக்கிறேன்.

ஜெய் பீம்.