பரிந்துரை விற்பனையில் இணைப்பு மறைப்பு

இணைப்பு மறைப்பு என்பது, பரிந்துரை விற்பனையில் ஈடுபடுவோர் தமக்கு அளிக்கப்பட்ட நீண்ட இணைய முகவரியைத் தம் தளத்தின் பெயரிலோ சுருக்கு முகவரியிலோ பொதிந்து, சொடுக்குபவர் எந்தக் கடைக்குச் செல்கிறார், யாருக்குத் தரகு கிடைக்கிறது என்பன வெளியே தெரியாதபடி செய்யும் முறையாகும். தொழிலில் உள்ளோர் இதனை லிங்க் குளோக்கிங் என்பர். பரிந்துரை விற்பனை எனப்படும் அஃபிலியேட் மார்க்கெட்டிங், ஒருவர் காட்டிய இணைப்பின் வழியே சென்று வாங்கப்படும் பொருளின் விலையில் ஒரு பங்கை அவருக்கு வழங்கும் ஏற்பாடாகும். 1996-இல் அமேசான் தொடங்கிய திட்டம் இதனைப் பரவலாக்கியது.

மறைக்கப்பட்ட இணைப்பைச் சொடுக்கியதும் உலாவி முதலில், பரிந்துரைத்துத் தரகு பெறும் தரகரின் வழங்கியையோ சுருக்கு முகவரிச் சேவையின் வழங்கியையோ அணுகுகிறது. அவ்வழங்கி 301, 302, 307 ஆகிய திசைமாற்றக் குறியீடுகளுள் ஒன்றுடன், தரகரின் அடையாளக் குறி பொதிந்த கடை முகவரியைத் திருப்பியனுப்ப, உலாவி அங்கே தாவுகிறது. 301 நிரந்தர மாற்றத்தைக் குறிப்பதால் உலாவி அதனை நினைவில் வைத்துக்கொள்ளும். தரகர் பின்னர் வேறு கடைக்கு மாறினாலும் பழைய வாசகர் முந்தைய கடைக்கே செல்லக்கூடும் என்பதால், தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் மற்ற இரண்டுமே விரும்பப்படுகின்றன. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவதும் குளோக்கிங் எனப்பட்டாலும், கூகுள் தடைசெய்துள்ள அச்செயல் இதனின்றும் வேறானது.

முகவரியைச் சுருக்குவது தவறன்று. தரகு உறவை மறைப்பதே தவறு. இணைப்பு தன் தளத்துக்குச் செல்வது தெளிவாகாதபடி சுருக்குவதை அமேசான் விதிகள் அனுமதிப்பதில்லை. இந்தியாவில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் அமைந்த மத்திய ஆணையம், பரிந்துரைப்பவர் வணிகருடன் கொண்டுள்ள பொருளாதாரத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என 2022-இல் நெறிமுறை வகுத்தது. 2023 நவம்பர் 30-இல் அறிவித்த 13 ஏமாற்று உத்திகளுள் வேடமிட்ட விளம்பரத்தையும் சேர்த்தது. தவறான விளம்பரத்துக்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

முகவரி மறைவதால் நேரும் தீங்கு தரகு உறவு மறைவதோடு முடிவதில்லை. எடுத்துக்காட்டாக, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குக் காளைகளும் மாடுபிடி வீரர்களும் மதுரை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் வழியே பதிவு செய்யப்படுகின்றனர். அதன் முகவரி ‘நிக் டாட் இன்’ என முடிவதே அது அரசுத் தளம் என்பதற்குக் காளை வளர்ப்போர் கண்ணால் காணக்கூடிய சான்று. பதிவு இணைப்பு வாட்ஸ்அப் குழுவில் சுருக்கு முகவரியாக வந்தால் அச்சான்று மறைந்து, போலித் தளத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாமல் போகிறது. பிட்லி என்னும் சுருக்குச் சேவை தரும் முகவரியின் இறுதியில் கூட்டல் குறியைச் சேர்த்தால் அது சென்றடையும் இடத்தைக் காணலாம். தரகர் தம் தளத்தின் பெயரிலேயே மறைத்த இணைப்புக்கு இவ்வழி உதவாது. ஆகவே, ஆதார் எண்ணோ பணமோ கேட்கும் எந்தத் தளத்துக்கும் பிறர் அனுப்பிய இணைப்பின் வழியே செல்லாமல், அதன் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து செல்வதே பாதுகாப்பானது.