சட்டாம்பிள்ளையின் வழி

சித்தூர் 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் முன்னர் வட ஆற்காட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய அந்நிலத்தில் திண்ணைப் பள்ளிகளும் இருமொழிகளிலும் நடைபெற்றன. ஆசிரியர் ஒருவர்; மாணாக்கரோ பல நிலையினர். ஆகவே, முன்னே கற்ற மாணவன் பின்னே வந்தவர்க்குப் பாடம் சொன்னான். அவனையே சட்டாம்பிள்ளை என்றனர்.

சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக நடந்த இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஆண்ட்ரூ பெல் ஏற்றார். நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விழைந்தார். உதவியாசிரியர்கள் இசையவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவனும் அதனைச் செவ்வனே முடித்தான். 1797இல் பெல் இலண்டனில் நூல் வெளியிட, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கையில் அவர்தம் அறிவும் உறுதிப்படுகிறது என்று 1823இல் பெல்லாரி கலெக்டர் காம்பெல் பாராட்டி எழுதினார்.

எனினும், இம்முறைக்குக் குறைகளும் உண்டு. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இருந்தது. திண்ணையில் இடம் பெறாத பிள்ளைகளும் பலர். இங்கிலாந்திலோ ஓர் ஆசிரியரிடம் நூற்றுக்கணக்கானோரை ஒப்படைத்துச் செலவைச் சுருக்கினர். போதிய பயிற்சியற்ற சிறுவர் கற்பித்தமையால் கல்வி வெறும் ஒப்புவித்தலாயிற்று. 1846இல் முறையாகப் பயிற்றப்பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் அங்கு வந்தது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2003 முதல் இக்குறையை நீக்கும் வழியொன்றைக் கையாண்டு வருகிறது. இளநிலை மாணவர் வகுப்பில் துணைநின்று உடன் கற்பிக்கின்றனர். வாரந்தோறும் பேராசிரியரோடு கலந்து பாடத்தைத் திட்டமிடுகின்றனர். கற்பிக்கும் கலையையும் தனியே பயில்கின்றனர். அங்கே பேராசிரியரின் இடத்தை மாணவன் பறிப்பதில்லை.

திருப்பதியில் 1954இல் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கில விரிவுரையின் முன் திகைத்து நிற்கும் மாணவனை எந்தப் பல்கலைக்கழகத்திலும் காணலாம். சென்ற ஆண்டு அதே திகைப்பைக் கடந்த ஒருவன், அவன் மொழியிலேயே ஐயம் தீர்ப்பானாயின், இடையில் கல்வியைக் கைவிடுவோர் குறைவர்.

பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களுக்கும் இஃது ஏற்றது. தமிழாசிரியர் கிட்டாத ஊரிலும், எழுத்தறிந்த அக்காள் தம்பிக்கு நாள்தோறும் கால்மணி நேரம் எழுத்துச் சொல்லித் தரலாம். தம்பி எழுத்தறிவான், அக்காளும் தான் கற்ற தமிழை மறவாள்.