பவுல் யார்? கிறிஸ்தவத்தில் கத்னா கடமையாகாதது ஏன்?

ஈஸா (அலை) அவர்களுக்கு எட்டாம் நாளில் கத்னா செய்யப்பட்டதாக பைபிளே (லூக்கா 2:21) கூறுகிறது. பிறகு ஏன் கிறிஸ்தவத்தில் அது கடமையாகவில்லை? விடை பவுலின் வாழ்வில் உள்ளது.

இன்றைய துருக்கியிலுள்ள தர்சு நகரில் பிறந்த யூதர் இவர். கூடாரம் செய்யும் தொழிலாளி. பன்னிரு சீடர்களில் ஒருவரல்லர். ஈஸா நபியின் சீடர்களைத் துன்புறுத்தி வந்தவர், டமாஸ்கஸ் செல்லும் வழியில் காட்சி கண்டதாகச் சொல்லி மாறினார். யூதரல்லாதோருக்கு விசுவாசமே போதும், கத்னா தேவையில்லை எனப் போதித்தார். அவர்களுடன் உண்பதிலிருந்து விலகிய மூத்த சீடர் பேதுருவை, அந்தியோகியாவில் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததாக கலாத்தியர் கடிதத்தில் (2:11-14) அவரே எழுதுகிறார்.

குர்ஆனில் பவுலின் பெயர் இல்லை; ஹவாரிய்யூன்கள் எனும் சீடர்களையே அது புகழ்கிறது (3:52). கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடம் இதைப் பேச நேர்ந்தால், குர்ஆன் (29:46) கற்றுத்தந்தபடி அழகிய முறையிலேயே பேசுவோம்.