கொல்லிமலையில் பிராண்ட் தம்பதியர்

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவமும் இறைப்பணியும் செய்த ஆங்கிலேயக் கிறித்தவ இணையர் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட். 1913-இல் மணமுடித்து மலையில் குடியேறினர். மகன் பால் பிராண்ட் (1914–2003) பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்றவர்.

நரம்புச்சிலந்திக்கும் காய்ச்சலுக்கும் மருந்து தேடி வந்த மலையாளிப் பழங்குடி மக்கள், புதுச் சமயத்தை ஏற்கத் தயங்கினர். பல ஆண்டுகள் ஒருவரும் சேரவில்லை. எதிர்ப்பில் முன்னின்ற பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் கொள்ளைக்காய்ச்சலில் வீழ்ந்தபோது உறவினர் நெருங்க அஞ்சினர். பிராண்ட் தம்பதியரே பணிவிடை செய்தனர். இறக்கும் தறுவாயில் பூசாரி தம் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மலைமக்களின் மனம் இளகியது அதன் பிறகே. வாதத்தால் நேராதது என்பதே இம்மாற்றத்தின் சிறப்பு.

தயங்கியோரிடம் பிராண்ட் தம்பதியர் காட்டிய பொறுமைக்கு விவிலிய வேர் உண்டு. ஏசாயா 42-இல் வரும், நெரிந்த நாணலை முறிக்காத, மங்கி எரியும் திரியை அணைக்காத ஊழியரின் உருவகத்தை மத்தேயு 12 இயேசுவுக்குப் பொருத்துகிறது. மாற்கு 9-இல் நோயுற்ற மகனின் தந்தை தம் நம்பிக்கைக் குறைவை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். அதற்காக அவருக்குக் கடிந்துரை இல்லை, மகன் நலம் பெறுகிறான். தடுமாறுவோரைக் கடவுள் தள்ளுவதில்லை என்னும் போதனைக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலால் மறைந்தார். எவ்லின் முதுமையிலும் மலைப்பணியைத் தொடர்ந்து, 1974-இல் 95 வயதில் காலமானார்.